பின் டிஸ்க் பேட்: ஆர்கானிக்கா, சின்டர்டா? மாட்டிய பிறகு பிடிக்காவிட்டால்?

பைக்கில் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் கட்டைதான் பேட். புது பேட் போட்டும் பின் பிரேக் பிடிக்கவில்லையென்றால் பழி பேடின் மேல்தான் விழும். ஆர்கானிக்கைக் கழற்றிவிட்டு, கூடுதல் விலைக்கு சின்டர்ட் வாங்கி மாட்டுவார்கள். கோளாறு அப்படியே இருக்கும்.

ஆர்கானிக் என்பது நாரும் பிசினும் கலந்தது. குளிர்ந்திருக்கும்போதே பிடிக்கும், சத்தம் குறைவு, டிஸ்க்கை அவ்வளவாகத் தின்னாது. ஆனால் சீக்கிரம் தேயும். ஆரியங்காவிலிருந்து புளியரை எஸ் வளைவு மலைப்பாதை வழியாகப் பெடலில் காலை வைத்தபடியே இறங்கினால் சூடேறி, முகம் கண்ணாடி மாதிரி பளபளத்து வழுக்கும்.

சின்டர்ட், உலோகத்தூளை அழுத்திச் சுட்டது. குற்றாலச் சாரலில் நனைந்தே ஓடும் வண்டிக்கும், திசையன்விளைப் பக்கம் தேரிச் செம்மணலில் புரளும் வண்டிக்கும் அதுதான் சரி. பதிலுக்கு டிஸ்க்கை அரிக்கும், பேடைத் தாங்கி அழுத்தும் காலிப்பருக்குச் சூட்டைக் கடத்தும். செமி மெட்டாலிக் இரண்டுக்கும் நடுவே.

பேடின் முதுகில் இரண்டு எழுத்து இருந்தால் பாருங்கள். முதலாவது குறைந்த சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55, எச் அதற்கும் மேல்.

நெல்லைக்குள் பாளை, டவுன், வண்ணார்பேட்டை என்று சுற்றும் வண்டிக்குப் பின்னால் ஆர்கானிக்கே போதும். பிரேக் அடித்ததும் பாரம் முன்னால் சாய்ந்து பின் டயர் லேசாகிவிடும். சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் பின்சக்கரத்துக்கு இல்லாத வண்டியில், பேட் அதிகமாகக் கடித்தால் வம்புதான்.

இனி கோளாறு, இதில் இரண்டு பேடுக்கும் ஒரே கதை. புதுப் பேட் தடிமன் என்பதால், பேடைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் மாட்டியிருப்பீர்கள். பெடலை 10, 15 தடவை மிதித்துக் கெட்டியாக்காமல் வண்டியை எடுத்தால் முதல் மிதி வெறும் மிதி. அதற்குப் பிறகும் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று. காற்றை வெளியேற்றக் காலிப்பரில் இருக்கும் ப்ளீடர் நிப்பிளில் டியூபை மாட்டி, பெடலை மிதித்துப் பிடித்து, நிப்பிளைக் கால் சுற்று தளர்த்தி, திரும்ப இறுக்கிய பிறகே காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போகும்.

சென்டர் ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுற்றுங்கள். லேசான உரசல் இருக்கட்டும். அரைச்சுற்றில் நின்றால் பேட் விடவில்லை. அழுக்குப் பிஸ்டனைத் துடைக்காமல் தள்ளியது, காலிப்பர் நகர்ந்து செல்லும் ஸ்லைடு பின் (pin) காய்ந்தது, பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழிவது, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் மேலேறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேல்கோட்டைத் தாண்டினால் உறிஞ்சி எடுங்கள். அந்த ஆயில் டேங்க் பெயிண்டில் பட்டால் பெயிண்ட் போச்சு. ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். காலிப்பரைப் பெட்ரோலில் கழுவும் பழக்கம் நம் ஒர்க் ஷாப்புகளில் இன்னும் போகவில்லை. ரப்பர் சீல் ஊதி, பிஸ்டன் இறுகிவிடும்.

பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையா? செயினுக்கு அடித்த எண்ணெய் ஸ்ப்ரே டிஸ்க்கில் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் குடித்த பேடைத் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பளபளப்பு மட்டும் என்றால் எமரி ஷீட்டைச் சமதளத்தில் வைத்து முகத்தை லேசாகத் தேயுங்கள். பிறகு பேட் டிஸ்க்கில் படிய, ஆளில்லாத சாலையில் 40 கிமீ வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், 20 தடவை இடைவெளி விட்டு பிரேக் பிடியுங்கள். சின்டர்ட் படிய இன்னும் சில தடவை கூடுதலாக வேண்டும்.