இடம் மாறி ஒட்டிய கிதார் பிரிட்ஜ்: சூடா, உளியா?

கிதாரின் மேற்பலகையில் ஒட்டி, தந்திகளைப் பிடித்திருக்கும் கட்டைதான் பிரிட்ஜ். 650 மி.மீ. தந்தி நீளத்தில் அது 2 மி.மீ. தள்ளிப்போனாலே, மேல் ஃப்ரெட்டுக்கு (கழுத்திலுள்ள உலோகக் கம்பிக்கட்டு) போகப் போகச் சுருதி விலகும். பிரிட்ஜின் மேல் தந்தி உட்காரும் சேடிலை மட்டும் நகர்த்தித் தப்பிக்க முடியாத அளவு பிழை இது; பிரிட்ஜைக் கழற்றித்தான் திரும்ப ஒட்ட வேண்டும்.

ஒட்டிய பசை வஜ்ஜிரமோ (விலங்குத் தோல், எலும்புப் பசை) வெள்ளை ஃபெவிகாலோ என்றால், கழற்ற முதலில் சூடுதான். சுற்றியுள்ள பலகையை அலுமினியத் தாள் ஒட்டிய அட்டையால் மூடி, பிரிட்ஜின் மேல் இஸ்திரிப் பெட்டியைச் சில நிமிடம் வையுங்கள். வெந்நீரில் நனைத்த மெல்லிய தட்டைக் கத்தியை மூலையிலிருந்து படுக்கையாகவே தள்ள வேண்டும்; நெம்பினால் நார் பிய்ந்து வரும். நார் கிளம்பினால் உடனே நிறுத்தி எதிர்ப்பக்கமிருந்து வாருங்கள். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் உள்ளே இருக்கும் சட்டங்களும் விட்டுவிடும், பாலிஷும் கொப்பளிக்கும்.

இரண்டு கலவையைச் சேர்த்து ஒட்டும் எபாக்ஸி பசை என்றால் இந்த மல்லுக்கட்டு வேண்டாம். இழைப்புளியால் பிரிட்ஜை 1 மி.மீ. வரை தேய்த்து, மீதியை உளியால் சுரண்டுங்கள். பிரிட்ஜ் போய்விடும், பலகை பிழைக்கும். புது பிரிட்ஜ் செய்ய ஈட்டி மரத்துண்டு கையிலிருந்தால் பெரிய நட்டமில்லை.

திரும்ப ஒட்டும்போது பழைய ஃபெவிகாலைச் சுத்தமாகச் சுரண்டாவிட்டால் புதியது பிடிக்காது. வஜ்ஜிரத்துக்கு அந்தத் தொல்லை குறைவு, பழையதோடு கலந்துவிடும். குமரி மாவட்டம் போல இரண்டு பருவமழையும் பெய்யும் இடத்தில் பசை காயத் தாமதமாகும். ஈர நாட்களில், அழுத்திப் பிடிக்கும் கிளாம்பை 24 மணி நேரம் கழற்றாதீர்கள்.