கைடு தேட ஷோத்கங்கா: 5-க்கு 3.5

இயற்பியலில் பி.எச்டி. சேர இடம் தேடுகிறவர்கள் முதலில் திறப்பது துறையின் இணையப் பக்கத்தை. அங்கே பேராசிரியரின் போட்டோ இருக்கும், நானோவில் தொடங்கி சூரிய மின்கலம் வரை 'ஆய்வு ஆர்வங்கள்' இருக்கும். அதை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தபின் காந்தப் பொருட்களில் சோதனைவழி ஆய்வு செய்யக் குழு தேடிய எனக்கு உருப்படியாக உதவியது ஷோத்கங்காதான். குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இணைய ஆய்வேட்டுக் களஞ்சியம் இது. படிக்கக் காசு இல்லை.

ஆய்வேடு முழுவதையும் படிக்கச் சொல்லவில்லை. பல்கலைக்கழகம், துறை என்று உள்ளே போய், ஒரு கைடிடம் முடித்தவர்களை வரிசையாகப் பாருங்கள். பதிவு செய்த தேதி, முடித்த தேதி என்று கட்டங்கள் உண்டு. பல இடங்களில் காலியாக விட்டிருப்பார்கள், நிரப்பியிருந்தால் அதிர்ஷ்டம். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பி.எச்டி.க்குக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6; சில சலுகைகள் தனி. ஆனால் ஜே.ஆர்.எஃப்., அதன் அடுத்த கட்டமான எஸ்.ஆர்.எஃப். இரண்டும் சேர்த்துப் பணம் வருவது 5 வருடம்தான். ஒரு குழுவில் எல்லோருமே ஆறைத் தொட்டுத்தான் முடித்திருக்கிறார்கள் என்றால் அந்தக் கடைசி வருடம் வாடகை எப்படிக் கட்டினார்கள் என்று கேட்க வேண்டும்.

அப்புறம் முன்பக்கங்களுக்கான கோப்பு. நன்றியுரை பெரும்பாலும் அதில்தான் இருக்கும், என் கணக்கில் இந்தத் தளத்தின் பொக்கிஷமே அதுதான். நான் ஆசைப்பட்ட ஒரு குழு 'அதிநவீன ஆய்வகம்' என்று போட்டிருந்தது. அங்கே முடித்தவரின் நன்றியுரையில் காந்தத் தன்மையை அளக்கும் வி.எஸ்.எம். அளவீட்டுக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸின் சைஃப் என்ற பொதுக் கருவி மையம், குறைவெப்ப அளவீட்டுக்கு இந்தூரின் யு.ஜி.சி.-டி.ஏ.இ. ஆய்வு மையம், படிக அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்.ஆர்.டி.க்குப் பக்கத்துக் கல்லூரி. இரண்டாம் அத்தியாயத்தைப் பார்த்தால் சொந்தமாக இருந்தவை ஒரு ஃபர்னஸும், பொடி அரைக்கும் ஒரு பால் மில்லும் (ball mill). வெளியே சாம்பிள் அனுப்புவது தப்பே இல்லை, பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அளவீட்டுக் கட்டணம் யார் தருவது, ஸ்லாட் கிடைக்க எவ்வளவு நாள் ஆகும் என்று கைடிடம் நேரில் கேட்கக் கேள்விகள் தயாராகிவிடும்.

இந்தத் தளத்தின் பெரிய குறை, முடித்தவர்கள் மட்டும்தான் இதில் இருப்பார்கள். பாதியில் விட்டவர்களின் சுவடே இருக்காது. எனக்குத் தெரிய வேண்டியதோ அவர்களைப் பற்றித்தான். இதற்கும் நன்றியுரைதான் கைகொடுத்தது. பழைய ஆய்வேட்டில் 'என் ஜூனியர்கள்' என்று நன்றி சொல்லியிருக்கும் பெயர்களைக் குறித்துக்கொண்டு, சில வருடம் கழித்து அவர்கள் பெயரில் ஆய்வேடு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிட்டுப் போனார்கள் என்று அர்த்தமில்லை; பல்கலைக்கழகம் இன்னும் ஏற்றாமல்கூட இருக்கலாம். ஆனால் அடுத்து யாரிடம் பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும். அப்படி ஒரு அக்காவைத் தெரிந்தவர்கள் மூலம் பிடித்தேன். "சார் தங்கமான மனுஷன்மா. ஆனா ஃபெலோஷிப் பேப்பர் ஆபீஸ்ல நகரவே நகராது. நீ சார்கிட்ட கேட்காதே, இப்ப இருக்கிற ஸ்காலர்கிட்ட கேளு" என்றார். கேட்டேன், வேறு குழுவில் சேர்ந்தேன்.

ஆய்வு நடந்துகொண்டிருப்பவர்களின் சினாப்சிஸ்களுக்கு, அதாவது ஆய்வுச் சுருக்கங்களுக்கு, ஷோத்கங்கோத்ரி என்று ஒரு துணைத் தளம் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டால் இன்னும் தெளிவு கிடைக்கும், ஏற்றியிருந்தால்!

தியரி பக்கம் போகிறவர்களுக்கு நான் சொன்ன ஃபர்னஸ் விசாரணையெல்லாம் வேண்டாம். துகள் இயற்பியல் என்றால் இன்ஸ்பயர் (INSPIRE-HEP) என்ற கட்டுரைத் தேடல் தளத்தில் கைடின் கட்டுரைகளை எடுத்து, மாணவர்கள் அவர் பெயர் இல்லாமலும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. தன் ஆய்வேடுகளுக்குத் தனித் தளமே வைத்திருக்கிறது.

மேலே சொன்ன பெரிய குறைக்கு ஒரு மதிப்பெண் போக, இன்னொரு அரை மதிப்பெண்ணைக் குறைத்தது பெயர்க் குழப்பத்துக்காக. இனிஷியல் ஒரு பதிவில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் விரித்து எழுதியிருக்கும். ஒரே கைடு மூன்று ஆளாகத் தெரிவார். எல்லா விதமாகவும் அடித்துத் தேடுங்கள்.