எனாமல் பலகையா, அச்சுத் தகரமா? வன்னியில் பழைய பியர் விளம்பரம் தேடுவோருக்கு

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டுக் கோழிக்கூட்டின் கதவுதான் எனக்கு முதலில் கிடைத்த பியர் விளம்பரம். எழுத்துப் பக்கத்தை உள்ளே வைத்து அடித்திருந்தார்கள். வெயிலும் மழையும் வெறும் முதுகில் விழ, உள்ளே சிவப்பும் மஞ்சளும் அப்படியே இருந்தன. அன்றிலிருந்து தேடி அலைகிறேன். இதில் இறங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எனாமலைத் தேடுவதா, அச்சுத் தகரத்தைத் தேடுவதா என்றுதான்.

எனாமல் பெயின்ட் அல்ல, கண்ணாடி. கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டில் பூசி, ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பார்கள். நிறத்துக்கு நிறம் தனிப் பூச்சு, தனிச் சூடு. அதனால் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவினாலும் எழுத்தின் விளிம்பு தட்டுப்படும். வெயிலுக்கு அசையாது. அடிபட்டால்தான் சில்லுத் தெறித்து அடியிலுள்ள கரும்பூச்சு தெரியும், பிறகு துரு பிடிக்கும்.

அச்சுத் தகரம் வேறு சாதி. கல்லில் வரைந்த படத்தை உருளை ஒன்றில் வாங்கித் தகரத்தில் பதிக்கும் முறையை 1875இல் லண்டனில் ராபர்ட் பார்க்லே கொண்டுவந்தார். மெல்லியது, மலிவானது, கடைக்குக் கடை கொடுக்கக் கட்டுப்படியாவது. ஆனால் மேலே இருப்பது மையும் வார்னிஷும் மட்டுமே. வெயில் தின்றுவிடும். தின்னர் பட்டால் படமே போய்விடும்.

அழகும் அப்படியே பிரிகிறது. 1876 ஜனவரி 1இல் பிரித்தானியாவின் முதலாவது வணிகக் குறியாகப் பதிவான பாஸ் பியரின் சிவப்பு முக்கோணத்தை எனாமலில் பார்க்க வேண்டும். ஒரே நிறம், ஒரே வடிவம், வாசிக்கத் தெரியாதவருக்கும் புரியும். 1930களில் ஜோன் கில்ரோய் கின்னஸ் பியருக்கு வரைந்த டூக்கன் பறவை போன்ற நிழலும் நெளிவுமுள்ள படத்துக்கு அச்சுதான் பொருந்தும்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர் பலர் எனாமலையே மேலே வைப்பார்கள். வன்னியில் என் தீர்ப்பு மாறுகிறது. எனாமல் பலகை கனம். போரில் இடம்பெயர்ந்தபோது அதைத் தூக்கிக்கொண்டு ஓடியவரை நான் கண்டதில்லை. விட்டுப்போனவை பழைய இரும்பு லொறிகளில் ஏறிப்போயின. தகரம் அப்படியில்லை. கூரைக்கும் வேலிக்கும் அது வேண்டும். சுருட்டிச் சைக்கிளில் கட்டலாம். அந்தக் கோழிக்கூட்டு வீட்டு அம்மா சொன்னார்: "உந்தத் தகரம் நாலு இடப்பெயர்விலை எங்களோடை வந்தது தம்பி. சும்மா தரேலாது."

போலிகள் பற்றி ஒரு சொல். தலைநகர்க் கடை ஒன்றில் ஒரு "பழைய" தகரத்தை நல்ல விலைக்கு வாங்கி ஏமாந்தேன். வீட்டில் உருப்பெருக்கியால் பார்த்தபோது இன்றைய நான்கு நிற அச்சின் ஒழுங்கான புள்ளி வரிசைகள். வாங்கமுன் உருப்பெருக்கி வையுங்கள். எனாமலில் ஆணித்துளையைப் பாருங்கள். நிசமாக மாட்டியிருந்த பலகையில் துளையைச் சுற்றித் தெறிப்பும், கீழே வழிந்த துருக்கோடும் இருக்கும். "சிலோன்" என்ற பெயர் மட்டும் போதாது. 1972இல் நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா என மாறிய பிறகும் பல நிறுவனங்கள் அதை வைத்திருந்தன. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடைசெய்ததால், கடை முகப்பில் மாட்டுவதற்கு இவை உரியவையல்ல. தவறணையால் வெந்துபோன குடும்பங்கள் எங்கள் ஊரில் எத்தனையோ. நான் வீட்டு முன்னறையிலும் மாட்டுவதில்லை, பின் கொட்டிலில்தான்.

சுத்தம் செய்ய எனாமலுக்குச் சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். தகரத்தை உலர்ந்த துணியால் தட்டித் துடைத்து, மெழுகை மெல்லிதாகப் பூசி நிழலில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் புதுப் பெயின்ட் வேண்டாம்.

கையில் காசிருந்து, சுவருக்கு அழகுதான் தேவையென்றால் எனாமல் வாங்குங்கள். வன்னியில் தேடுகிறவர் தகரத்தைத் தேடட்டும்.

அந்த அம்மாவுக்குப் புதுத் தகரம் வாங்கி, கூட்டுக் கதவை நானே அடித்துக் கொடுத்தேன். பழையதில் பதினொரு ஆணித்துளைகள். சில கோழிக்கூட்டுக்கு அடித்தவை. மற்றவை எந்தெந்தக் கொட்டிலில் அடித்தவை என்று அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். ஒன்றையும் நான் அடைக்கவில்லை.