குடும்பம் குடும்பமாகவா, படுக்கை அருகிலா? மேய்ப்புப் பணியின் இரு வழிகள்

கிறிஸ்தவப் போதகர் மக்களின் வாழ்விலும் துன்பத்திலும் துணை நிற்பதே மேய்ப்புப் பணி. ஒரே சபையில் ஆண்டுக்கணக்கில் இருந்து குடும்பங்களைக் கவனிப்பது ஒரு வழி. மருத்துவமனை, சிறை போன்ற இடங்களில் முன்பின் தெரியாதவரின் நெருக்கடியில் உடன் இருப்பது இன்னொன்று.

முதல் வழிக்கு நல்ல உதாரணம், 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிட்டர்மின்ஸ்டர் போதகராக இருந்த ரிச்சர்ட் பாக்ஸ்டர். அவரும் உதவியாளரும் வாரத்தில் இரண்டு நாள் ஒதுக்கி, சுமார் 800 குடும்பங்களையும் ஓர் ஆண்டுக்குள் தனித்தனியே சந்திக்க முயன்றார்கள். நினைக்கவே மலைப்பாக இருக்கிறது! ஆனால் ஊரும் சபையும் ஒன்றாக இருந்த காலம் அது. பிழைப்புக்காக இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களை இந்த வழி தவறவிடும். அப்புறம், குடும்பத்தையே அறிந்த போதகரிடம் சில வெட்கங்களைச் சொல்ல வாய் வராது.

இரண்டாவது வழியில் அந்தத் தயக்கம் குறைவு. 1925-இல் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில், அங்கே போதகராக இருந்த அன்டன் பாய்சன் இறையியல் மாணவர்களுக்குப் பயிற்சி தொடங்கினார். அவரே மனநோயால் மருத்துவமனையில் இருந்தவர். நூல்களைப் போலவே துன்பப்படும் மனிதரையும் கவனமாக வாசிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். உடனே பைபிள் வசனம் சொல்லி ஆறுதல்படுத்திவிடாமல் முதலில் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம் இதில் வளர்கிறது. குறை, நோயாளி வீடு திரும்பியதும் உறவு பெரும்பாலும் முடிந்துவிடும்.

திடீர் நெருக்கடிக்கு இரண்டாவதே சரி. நீண்ட துக்கத்துக்கும் முதுமைக்கும் சபைப் போதகரையே நான் தேர்ந்தெடுப்பேன், அவர் கேட்கவும் பயின்றிருந்தால்.