கஹூட்டா, பிளிக்கர்ஸா? மாணவர் கையில் போன் இல்லாத வகுப்புக்கு என் தேர்வு

எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு இனி பிளிக்கர்ஸ்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். அதற்கு முன் கஹூட்டும் வைத்து வகுப்பு நடத்தியிருக்கிறேன். இரண்டுமே வகுப்பில் கேள்வி கேட்டு மாணவர்களின் விடையை உடனுக்குடன் பார்க்க உதவும் வினாடி வினாச் செயலிகள். எதை எடுக்கலாம் என்று யோசிக்கும் ஆசிரியர்களுக்காக இது.

கஹூட் நார்வேயில் 2013-ல் தொடங்கியது, பலருக்கும் பழக்கமானது. திரையில் கேள்வி வரும், மாணவர்கள் தங்கள் கருவியில் சிவப்பு முக்கோணம், நீல டைமண்ட், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம் இவற்றில் ஒன்றைத் தொடுவார்கள். பாட்டும் புள்ளிப் பட்டியலுமாக வகுப்பு களைகட்டிவிடும். உற்சாகம் என்று பார்த்தால் பிளிக்கர்ஸ் அதன் பக்கத்தில்கூட நிற்காது.

பிளிக்கர்ஸில் பிள்ளைகளிடம் இருப்பது ஒரு காகித அட்டை மட்டும். அதில் கியூஆர் குறி போல ஒரு கறுப்பு உருவம், நான்கு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. தான் நினைக்கும் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நான் போன் கேமராவை வகுப்பு முழுக்க மெதுவாக ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்பது பெயரோடு வந்துவிடும். ஒவ்வோர் அட்டையின் உருவமும் வேறு, எழுத்தும் பொடி என்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுவதும் சுலபமில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: வருகிற விடை யாருடையது? எங்கள் பள்ளியில் மாணவர்கள் போன் கொண்டுவரக் கூடாது. ஆகவே கஹூட் என்றால் கணினி அறைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கணினிக்கு மூன்று பேர். மவுஸ் எப்போதும் துடிப்பான பிள்ளையின் கையில்தான். மற்ற இருவருக்கும் புரிந்ததா என்பது எனக்குத் தெரியாமலே மணி அடித்துவிடும். போதாததற்குப் புள்ளிக் கணக்கு வேகத்தைப் பார்க்கிறது: சரியான விடைக்கு 1000 வரை கிடைக்கும், கடைசி நொடியில் தொட்டால் ஏறக்குறைய பாதிதான். நிதானமாக யோசிப்பவள் சரியாகச் சொல்லியும் பின்தங்குகிறாள். துல்லியத்துக்கு மட்டும் புள்ளி தரும் வசதியும் உண்டு, ஆனால் மூன்று பேருக்கு ஒரு கணினி என்ற சிக்கலை அது தீர்க்காது.

மின்சுற்றுப் பாடத்தில் ஒரு கேள்வி வைத்தேன். தொடரிணைப்பில் இரண்டு பல்புகள். ஒன்றைக் கழற்றினால் மற்றது என்னவாகும்? வகுப்பில் பாதிப் பேர் ‘கூடுதலாக ஒளிரும்’ என்று அட்டையைத் தூக்கினார்கள். கை தூக்கச் சொல்லியிருந்தால் தெரிந்த நாலு பேர் ‘அணைந்துவிடும்’ என்று சொல்லியிருப்பார்கள், நானும் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லிவிட்டு மறுபடியும் அட்டை தூக்க வைத்தேன். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் பரப்பிய முறை இது. இரண்டாவது முறை பெரும்பாலோர் சரியான பக்கம் வந்துவிட்டார்கள். இன்னும் தடுமாறியவர்கள் யார் யார் என்பதும் பெயரோடு என் போனில் இருந்தது.

செலவு என்றால் அச்சிடுவதுதான். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம், வெளிச்சம் பட்டுக் கேமரா திணறும். கெட்டி அட்டையில் ஒட்டினால் போதும். விரல் உருவத்தை மறைக்காமல் ஓரத்தில் பிடிக்கப் பழக்குங்கள். இலவசக் கணக்கில் ஒரு தொகுப்புக்கு ஐந்து கேள்விதான். பாடம் புரிந்ததா என்று பார்க்க அது தாராளம். எழுதவோ வரையவோ வேண்டிய விடைகளுக்கு இது உதவாது.

பெங்களூருவில் தொடங்கிய குவிஸிஸ் (இப்போதைய பெயர் வேகிரவுண்ட்) இன்னொரு வினாடி வினாச் செயலி, அதிலும் காகித அட்டை முறை உண்டு. அதை மேலோட்டமாகத்தான் பார்த்திருக்கிறேன், ஆகவே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அட்டையைச் சரியாகத் திருப்பிப் பிடிப்பார்களா என்பதை அந்த வகுப்பு ஆசிரியர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆளுக்கொரு டேப்லெட் உள்ள பள்ளி என்றால் கஹூட்டைத் தாராளமாக எடுக்கலாம். தேர்வுக்கு முந்தைய திருப்புதலுக்கு நானும் அதைத்தான் வைக்கிறேன்.