விண்டோஸை விட்டால் மேக்கா, லினக்ஸா? திரைவாசிப்பானை நம்பியிருப்பவரின் ஒப்பீடு

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. என் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை. ஆப்பிளின் மேக், இலவச இயங்குதளமான லினக்ஸ் இரண்டையும் அலசிப் பார்த்து லினக்ஸுக்கு மாறினேன். எனக்குப் பார்வை இல்லை; கணினியில் செய்வது எல்லாமே திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருள்) வழியாகத்தான்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். விண்டோஸில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். மேக்கில் வாய்ஸ்ஓவர் கூடவே வருகிறது. லினக்ஸில் ஆர்கா, அதுவும் இலவசம். என்விடிஏ பழகிய கைக்கு ஆர்கா சீக்கிரம் வசப்படும்: கட்டளைகளுக்கு அதே இன்செர்ட் விசை, இணையப் பக்கத்தில் ஹெச் அழுத்தினால் அடுத்த தலைப்பு, கே அழுத்தினால் அடுத்த இணைப்பு. வாய்ஸ்ஓவரின் நடை வேறு. கன்ட்ரோல், ஆப்ஷன் இரண்டையும் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். சில பகுதிகளுக்கு உள்ளே போய், வேலை முடிந்ததும் வெளியே வர வேண்டும். பழகினால் அதுவும் சரியாகிவிடும்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது திரைவாசிப்பான் இல்லை, நாம் தினமும் திறக்கும் மென்பொருள்கள். திரைவாசிப்பான் திரையைப் பார்த்துப் படிப்பதில்லை, "இங்கே என்ன இருக்கிறது?" என்று மென்பொருளிடம் கேட்கிறது. அந்தக் கேள்வி விண்டோஸில் யுஐ ஆட்டோமேஷன் போன்ற வழிகளில் போகிறது, லினக்ஸில் ஏடி-எஸ்பிஐ வழியாக, மேக்கில் ஆப்பிளின் சொந்த ஏற்பாட்டில். மென்பொருளை உருவாக்கியவர் ஒவ்வொன்றுக்கும் தனியாக மெனக்கெட்டால்தான் பதில் வரும். மூன்றிலும் ஓடும் என்று போட்டிருந்தால் ஓடும், அவ்வளவுதான்; மூன்றிலும் பேசும் என்று நம்ப முடியாது. ஃபயர்பாக்ஸ் உலாவியையே பாருங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் பல வருடங்களாகப் பேசிக்கொண்டிருந்தது. மேக்கில் வாய்ஸ்ஓவருக்கு முழு ஆதரவு வந்தது 2021-இல் வெளியான 87-ஆம் பதிப்பில்தான்.

அதனால் இயங்குதளத்தை மாற்றும் முன் மென்பொருளை மாற்றுங்கள். விண்டோஸில் இருக்கும்போதே மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட், ஆவணங்களுக்கு லிபர் ஆபீஸ் என்று பழகிக்கொண்டேன். கூட என்விடிஏ இருந்ததால் தைரியமாகப் பழக முடிந்தது. அப்புறம் லினக்ஸை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே தொடங்கி, க்னோம் என்ற லினக்ஸ் முகப்புத் திரையில் ஆல்ட், சூப்பர் (விண்டோஸ் விசை), எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி ஆர்காவை எழுப்பி, அதே மென்பொருள்களைத் திறந்து பார்த்தேன். டேப் விசையைத் தட்டிக்கொண்டே போகும்போது "அனுப்பு, பொத்தான்" என்று கேட்டால் அதை நம்பலாம். "பொத்தான், பொத்தான்" என்று மட்டும் கேட்டால் வேறு மென்பொருளைத் தேட வேண்டியதுதான். மெனுவைத் திறப்பது, கோப்பை இணைப்பது, சேமிப்பது என்று ஒரு முழு வேலையையும் செய்து பார்க்க வேண்டும்; முதல் திரை மட்டும் அழகாகப் பேசும் மென்பொருள்கள் உண்டு.

லினக்ஸை நான் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் இதுதான்: காசு கொடுக்காமல், இருக்கிற கணினியிலேயே எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். நிறுவுவதற்கும் அடுத்தவர் கண் தேவையில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் நிறுவியில் பீப் ஒலி வந்ததும் எஸ் அழுத்தி என்டர் தட்டினால் கடைசி வரை அது பேசிக்கொண்டே வரும்.

மேக்கில் இப்படிச் சோதிக்க முதலில் ஒரு மேக் வேண்டும். நான் இரவல் வாங்கிக் கொஞ்ச நாள்தான் பயன்படுத்தினேன், அதனால் என் கருத்தை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். பொருளாக அது நன்றாகவே இருந்தது. ஆப் ஸ்டோரில் ஒரு செயலி வாய்ஸ்ஓவரோடு வேலை செய்யுமா என்பதைக் குறிக்கும் வசதியை ஆப்பிள் 2025-இல் அறிவித்தது. ஆனால் அதை நிரப்புவது செயலியை உருவாக்கியவரேதான். ஆப்பிள்விஸ் இணையதளத்தில் பார்வையற்ற பயனர்களே எழுதும் மதிப்புரைகளை நான் அதைவிட அதிகம் நம்புவேன்.

லினக்ஸில் குறை இல்லாமல் இல்லை. எலக்ட்ரான் என்ற கருவியில் செய்த சில மென்பொருள்கள், அணுகல்தன்மையை (திரைவாசிப்பானுக்குப் பதில் சொல்லும் வசதியை) நாமே இயக்கிவிடும் வரை வாயே திறப்பதில்லை. படத்தில் உள்ள எழுத்தைப் படிக்க என்விடிஏ-வில் இன்செர்ட், ஆர் போதும். இங்கே அதற்கு லியோஸ் போல ஒன்றைத் தனியாக நிறுவ வேண்டும். திருத்தக் குறிப்புகள் நிறைந்த வேர்ட் கோப்புகளை லிபர் ஆபீஸில் கையாள எனக்கு இன்னும் தயக்கம்தான். அவற்றுக்காகவே பழைய விண்டோஸை ஒரு ஓரத்தில், இணைய இணைப்பு இல்லாமல், வைத்திருக்கிறேன்.