மூணு ஸ்டாருக்கு ஒரு போன் வந்தது: படித்ததைக் குறித்து வைக்கும் அனுபவம்

படித்த புத்தகங்களைக் குறித்து வைக்க நான் பயன்படுத்தியவை வரிசையாக: கோடு போட்ட நீள நோட்டு, ஒரு மொபைல் ஆப், படித்ததைப் பதிந்து மதிப்பிட உதவும் குட்ரீட்ஸ், ஸ்டோரிகிராஃப் என்ற இணையதளங்கள், கடைசியாகக் கூகுள் ஷீட். இப்போது மிஞ்சியிருப்பவை குட்ரீட்ஸும் ஷீட்டும். வேலைக்காகப் படிப்பது எதையும் இவற்றில் சேர்ப்பதில்லை. ஆசைக்குப் படிப்பது மட்டும்தான் கணக்கு. காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய்வருகிறவன் நான். என் படிப்பில் முக்கால்வாசி வாலாஜா ரோட்டுக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் நடக்கிறது.

குட்ரீட்ஸ் 2007-இல் தொடங்கியது, 2013-இல் அமேசான் கைக்குப் போனது. படித்தது, படித்துக்கொண்டிருப்பது, படிக்க நினைப்பது என்று அடுக்குகள் தயாராக இருக்கும். வேண்டுமானால் நாமும் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். ஆங்கில நாவலுக்கு இது சொகுசு. பின்னட்டை பார்கோடை ஸ்கேன் செய்தால் அட்டைப்படம், பக்க எண்ணிக்கை, பதிப்பாளர் எல்லாம் தானாக வந்து நிற்கும். தமிழிலும் புதுப் புத்தகங்களில் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும் ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான அடையாள எண்) இருப்பதால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

சிக்கல் பழையவற்றில்தான். ஐஎஸ்பிஎன் சர்வதேசத் தரநிலையானதே 1970-இல். அதற்கு முந்தைய தமிழ்ப் பதிப்புகளில் எண்ணைத் தேடுவது வீண். நூலகத்தில் காலிகோ பைண்டு போட்டு வைத்திருக்கும் புத்தகத்தில் அட்டையே இருக்காது, பார்கோடுக்கு எங்கே போவது? குடியாத்தத்தில் இருக்கும் என் அத்தை வீட்டில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. சில பைண்டுகளில் நடுவே இரண்டு வாரம் காணாமல் போயிருக்கும். ஓவியம், பக்கத்திலேயே சோப்பு விளம்பரம், அந்த வாரத்துத் துணுக்கு எல்லாம் சேர்ந்துதான் அந்த வாசிப்பு. அதை எந்தப் பதிப்பின் கீழே போடுவது?

பெயர்ச் சிக்கல் தனி. எங்கள் வட ஆற்காட்டுக்காரரான எழுத்தாளர் மு.வ.வையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டையில் மு. வரதராசன், இன்னொன்றில் மு. வரதராசனார், மூன்றாவதில் டாக்டர் மு.வ. இதை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக ஏற்றினால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். எந்தத் தளமானாலும் தமிழ் நாவல் ஒன்று இரண்டு மூன்று பதிவுகளாகச் சிதறிக் கிடப்பது சகஜம். மதிப்பீடுகளும் கூடவே சிதறிவிடும். குட்ரீட்ஸில் நம் அடுக்கில் 50 புத்தகம் சேர்ந்தால் பதிவுகளைத் திருத்தும் 'நூலகர்' உரிமைக்கு விண்ணப்பித்து இவற்றை ஒட்டவைக்கலாம். பொறுமை உள்ளவர்கள் செய்யுங்கள், புண்ணியமாகப் போகும்.

ஸ்டாருக்கு வருகிறேன். குட்ரீட்ஸ் சொல்லும் கணக்குப்படி ஒன்று என்றால் பிடிக்கவில்லை, இரண்டு என்றால் பரவாயில்லை, மூன்று என்றால் பிடித்திருந்தது, நான்கு ரொம்பப் பிடித்தது, ஐந்து பிரமாதம். அரை ஸ்டார் கிடையாது. அதாவது ஐந்தில் மூன்று படிகள் 'பரவாயில்லை'க்கு மேலேதான். நமக்கோ ஸ்டார் என்றாலே மார்க்தான். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்று வளர்ந்தவர்களுக்கு ஐந்துக்கு மூன்று என்பது அறுபது, ஃபர்ஸ்ட் கிளாஸ். எழுதியவருக்கு அது அறுபதாகத் தெரிவதில்லை. ஆம்பூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், முதல் கவிதைத் தொகுப்பு போட்டிருந்தார். உண்மையாகவே பிடித்துத்தான் மூன்று போட்டேன். மறுநாள் போன். "இன்னாண்ணா, மூணுதானா? நீயே இப்படி பண்ணா எப்படிண்ணா?" தமிழில் எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒரே தெருவில் குடியிருக்கிறோம். இங்கே பொதுவில் போடும் ஸ்டார் பாதி விமர்சனம், பாதி கல்யாண மொய். அதன்பிறகு தெரிந்தவர்களின் புத்தகத்துக்கு ஸ்டார் போடுவதை நிறுத்திவிட்டேன். அடுக்கில் மட்டும் சேர்ப்பேன்.

இதைவிட நேர்மையான மதிப்பீட்டை நூலகப் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். பொது நூலகத்தில் எடுத்த பழைய நாவல் எதையாவது கடைசிப் பக்கத்தில் திறந்து பாருங்கள். "அருமை", "செம அறுவை", "முதல் 100 பக்கம் தாண்டினால் நன்று", "முடிவு சரியில்லை, ஆசிரியருக்கு என்ன அவசரம்?" அதன் கீழே வேறு மையில், "உனக்குப் புரியவில்லை என்று சொல்." அதற்கும் கீழே இன்னொருவர் சமாதானம் பேசியிருப்பார். துப்பறியும் கதை என்றால் முதல் பக்கத்திலேயே கொலையாளியின் பெயருக்கு அடிக்கோடு போட்ட மகான்களும் உண்டு. புத்தகத்தில் கிறுக்குவது தப்புதான், நூலகர் பார்த்தால் திட்டுவார். ஆனாலும் அதில் யாரும் யாருக்கும் மொய் வைக்கவில்லை. பின்னால் ஒட்டியிருக்கும் தேதித் தாள் இன்னொரு சாட்சி. ஒரு புத்தகம் வருஷக்கணக்காக அலமாரியில் தூங்கியதா, மாதாமாதம் கை மாறியதா என்பதை அந்த முத்திரைகளே சொல்லிவிடும். எந்தச் சராசரியையும்விட நான் அதை நம்புகிறேன்.

நீண்ட நாள் பயன்பாட்டில் நான் கண்டுகொண்ட முக்கியமான விஷயம், எப்போது மதிப்பிடுகிறோம் என்பது. மின்நூல் படிக்கும் கிண்டிலில் கடைசிப் பக்கம் புரண்டதுமே ஸ்டார் கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும். அந்த நேரத்தில் போடும் ஸ்டாரில் புத்தகத்தைவிட நம் அன்றைய நிலைமைதான் அதிகம். அம்மாவுக்கு டெஸ்ட் ரிசல்ட் வரும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு குடும்ப நாவலைப் படித்தேன். டோக்கன் நம்பரைப் பார்ப்பது, ஒரு பத்தி படிப்பது, மறுபடி நம்பரைப் பார்ப்பது. இரண்டு ஸ்டார். அடுத்த கோடையில் அதே நாவலை ரயிலில் படித்தபோது சோளிங்கர் தாண்டியதே தெரியவில்லை. நாவலில் ஒரு வரி மாறவில்லை. இப்படியே தலைகீழாகவும் நடக்கும். முடித்த வேகத்தில் ஐந்து போட்ட த்ரில்லர்கள் பலவற்றின் பெயரை இன்று பட்டியலில் பார்த்தால் கதை ஞாபகம் வருவதில்லை.

அதனால் என் ஷீட்டில் மதிப்பீட்டுக்கு இரண்டு கட்டம். முடித்த அன்று ஒன்று, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து இன்னொன்று. இரண்டாவதைப் போடும்போது முதல் கட்டத்தை மறைத்துவைப்பேன். இரண்டும் ஒத்துப்போகும் புத்தகங்கள் குறைவுதான். யாராவது "நல்ல புக் சொல்லுப்பா" என்று கேட்டால் இரண்டாவது கட்டத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கட்டத்தில் போடுவது எண்ணும் இல்லை, ஸ்டாரும் இல்லை. அத்தை பல காலமாக வைத்திருக்கும் தரவரிசை இது. பிடித்தால் "இன்னொருவாட்டி படிக்கலாம்", சுமாராக இருந்தால் "ஒருவாட்டிக்கு", பிடிக்காவிட்டால் "வச்சிடு". இவற்றோடு நான் சேர்த்தது "கொடுக்கலாம்" என்ற ஒன்று. எனக்கு ஒத்துவராவிட்டாலும் இன்னாருக்குப் பிடிக்கும் என்று தோன்றும் புத்தகங்களுக்கு அது. ஐந்து ஸ்டாரில் இதைச் சொல்ல வழியே இல்லை.

ஸ்டோரிகிராஃபைச் சில மாதம் வைத்திருந்தேன். கால் ஸ்டார் வரை போடலாம், பாதியில் விட்டதையும் குறிக்கலாம், குட்ரீட்ஸிலிருந்து பட்டியலை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். மனநிலை, வேகம் வாரியாக வரைபடமும் போட்டுத் தரும். பார்க்க அழகு. ஆனால் கதை சம்பவங்களால் நகர்ந்ததா, பாத்திரங்களாலா என்றெல்லாம் கேள்வி கேட்கும். சிறுகதைத் தொகுப்புக்கு என்ன பதில் சொல்வது? ஒரு கதையில் கிழவர், அடுத்ததில் நாய். படிவம் நிரப்புவது ஆபீஸோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன். புள்ளிவிவரப் பிரியர்களுக்குப் பிடிக்கலாம்.

வருஷத்துக்கு இத்தனை புத்தகம் என்ற பந்தயத்திலும் எனக்கு ஒட்டவில்லை. அதில் அறுபது பக்கச் சிறு வெளியீடும் ஒன்று, அறுநூறு பக்க நாவலும் ஒன்று. பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். ஐந்தாகப் போட்டால் எண்ணிக்கை துள்ளும், ஒன்றாகப் போட்டால் டிசம்பரில் பின்தங்கிவிட்டதாகக் காட்டும். எண்ணிக்கை ஏறவேண்டும் என்பதற்காக மெல்லிசான புத்தகமாகத் தேடி எடுப்பவர்களை எனக்குத் தெரியும். அவரவர் இஷ்டம்.

எதைப் பயன்படுத்தினாலும் தரவை வெளியே எடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். நான் வைத்திருந்த மொபைல் ஆப் (பெயர் வேண்டாம்) ஒருநாள் திறக்கவே இல்லை. ஆப் கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள், உள்ளே இருந்த பட்டியலும் போயிற்று. நோட்டில் எழுதியிருந்தது மட்டும் தப்பியது. குட்ரீட்ஸில் ஏற்றுமதி வசதி இருக்கிறது, சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாகத் தரும். அப்படிப்பட்ட கோப்பை எக்ஸெலில் நேராக இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழெல்லாம் குப்பை எழுத்தாகத் தெரியலாம். பயப்படவேண்டாம், கோப்பு கெடவில்லை. கூகுள் ஷீட்டில் இறக்குமதி செய்யுங்கள், அல்லது எக்ஸெலின் இறக்குமதி வழியில் போய் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், சரியாக வரும்.

ஷீட்டில் என் கட்டங்கள்: தலைப்பு, அட்டையில் உள்ளபடியே ஆசிரியர் பெயர், பதிப்பகம், முடித்த தேதி, எங்கே படித்தேன், எங்கிருந்து வந்தது (கடை, நூலகம், கடன், பரிசு), ஒரே ஒரு வாக்கியம், அப்புறம் அந்த இரண்டு மதிப்பீடுகள், கடைசியாக இன்னொரு கட்டம் (அதைப் பிறகு சொல்கிறேன்). அந்த ஒரு வாக்கியத்தில் கதைச்சுருக்கம் எழுதுவதில்லை. கதை எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். "கிணற்றடியில் மருமகள் சிரிக்கும் இடம்" என்பதுபோல் எனக்கு ஒட்டிக்கொண்டதை மட்டும் எழுதுவேன். பல வருஷம் கழித்தும் அதைப் படித்ததும் முழு நாவலும் எழுந்து வருகிறது.

பயன் அதிகம் தந்தது கடைசிக் கட்டம்: "யாரிடம் போயிருக்கிறது". இரவல் போன புத்தகத்தைத் திருப்பிக் கேட்பது கைமாற்றுக் காசைக் கேட்பதைவிடச் சங்கடம். தேதியோடு எழுதி வைத்திருந்தால் கொஞ்சம் தைரியம் வருகிறது. "பொங்கலுக்கு எடுத்துப்போனீங்களே, படிச்சிட்டீங்களா?" என்று கேட்டால் சண்டை இல்லாமல் திரும்பி வந்துவிடுகிறது. எல்லாம் அல்ல, பாதியாவது.

வேலூர் புத்தகத் திருவிழாவுக்குப் போகும்போதும் ஷீட்டைத்தான் திறக்கிறேன். ஒரே நாவலை வெவ்வேறு அட்டையில் இரண்டுமுறை வாங்குவது எங்கள் வீட்டில் ஒரு நோயாகவே இருந்தது. அரங்கில் நின்றபடியே தேடிப் பார்த்துவிடுவதால் அது குறைந்திருக்கிறது. ஒன்று மட்டும்: மாலைக் கூட்டத்தில் நெட் இழுக்காது. முந்தின இரவே ஷீட்டை ஆஃப்லைனில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.